டேப்பில் இருப்பதும் தட்டில் கேட்பதும்: நிக் டிரேக்கின் மறுவெளியீடுகள்

ஆங்கிலேயப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக் உயிரோடு இருந்தபோது வெளிவந்தவை மூன்றே ஆல்பங்கள். 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' (1969), 'பிரைட்டர் லேட்டர்' (1971), 'பிங்க் மூன்' (1972). மொத்தம் 31 பாடல்கள். மூன்றையும் அடுத்தடுத்து கேட்டாலும் இரண்டு மணி நேரம் ஆகாது. அந்தச் சின்னக் கையிருப்பைத்தான் 1979-இலிருந்து பெட்டித் தொகுப்பாக, சிடியாக, ரீமாஸ்டர் செய்த (மூல டேப்பிலிருந்து ஒலியை மறுபடி சீராக்கிய) சிடியாக, கனத்த எல்.பி. இசைத்தட்டாக, மறுபடியும் பெட்டித் தொகுப்பாக விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். 2025-இல் முதல் ஆல்பம் எப்படி உருவானது என்று காட்டும் நான்கு தட்டுத் தொகுப்பு ஒன்றும் வந்தது.

ஒரே பாட்டை எத்தனை தடவைதான் வாங்குவது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். பெரும்பாலான ரீமாஸ்டர்கள் பழைய ரசிகரின் பணப்பையைக் குறிவைத்தே வருகின்றன. டிரேக்கின் கணக்கு வேறு. இவருடைய தட்டுகள் முதலில் வந்தபோது ஒவ்வொன்றும் 5,000 பிரதிகூட விற்கவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இன்று இவரைத் தெரிந்த அனேகமாக எல்லோருமே ஏதோ ஒரு மறுவெளியீடு வழியாக வந்து சேர்ந்தவர்கள். 'பழைய ஒலி' என்று ஏங்குவதற்குப் பழைய கேட்பவர்களே கிடையாது. அதனால் இவர் விஷயத்தில் மறுவெளியீட்டின் வேலை நினைவைத் தூசி தட்டுவது அல்ல. இவர் யார் என்று முடிவு செய்ததே அதுதான். சில சமயம் நன்றாக முடிவு செய்தது, சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே கைவைத்தது.

டிரேக் பிறந்தது 1948 ஜூன் 19, ரங்கூனில். அப்பா ரோட்னி டிரேக், பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில் பொறியாளர். திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை நடத்திய அதே கம்பெனி. அங்கே தேக்கு, இங்கே தேயிலை. இதற்கும் டிரேக்கின் பாட்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பியானோவும், மகன் நினைத்தபடி படிக்கவும் பாடவும் வசதியும் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கும்போது மாஞ்சோலையும் ஞாபகத்துக்கு வரத்தான் செய்கிறது.

குடும்பம் 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பி, வாரிக்ஷயரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. அம்மா மோலி வீட்டில் பியானோ வாசித்துத் தானே பாட்டுக் கட்டுபவர். அக்கா கேப்ரியல் பின்னாளில் நடிகையானார். டிரேக் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படிக்கப் போய், கிட்டாரோடு அதிக நேரம் செலவிட்டு, தயாரிப்பாளர் ஜோ பாய்டின் கண்ணில் பட்டார். பாய்டின் விட்ச்சீசன் நிறுவனம் அப்போது பிரிட்டிஷ் ஃபோக் (நாட்டுப்புற இசை வழி வந்த) கலைஞர்கள் பலருக்கு வீடு மாதிரி இருந்தது. தட்டுகளை வெளியிட்டது ஐலண்ட் ரெக்கார்ட்ஸ். 'ஃபோக்' என்ற முத்திரை டிரேக் மேல் விழுந்ததற்கு அந்தச் சகவாசம் பாதிக் காரணம் என்பது என் எண்ணம். அவர் ஆல்பங்களில் நாட்டுப்புறப் பாடல் என்று ஒன்றுகூடக் கிடையாது. ஜாஸும் ஐரோப்பியச் செவ்விசையும் அதில் கூடுதலாகவே கலந்திருக்கின்றன. சரி, கையில் கிட்டார், மென்மையான குரல், தனி ஆள் என்றால் கடைக்காரர் அந்த அலமாரியில்தான் வைப்பார்.

மேடையில் அவர் அதிகம் ஏறவில்லை. ஏறியபோதும் ஒவ்வொரு பாட்டுக்கும் தந்திகளின் சுருதியை மாற்றி மாற்றிக் கட்ட வேண்டியிருந்ததால் இடையிடையே நீண்ட மௌனம். கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். வளர்ந்த வயதில் அவர் பாடும் காட்சி எதுவும் படச்சுருளில் இல்லை. ஆக, மிச்சம் இருப்பது டேப் மட்டும். 1974 நவம்பர் 25 அன்று, மனச்சோர்வுக்கு எடுத்துவந்த மாத்திரை அளவு மீறியதில் 26 வயதில் இறந்தார்.

இதற்கு முன்பே பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்டுக்கு விற்றுவிட்டு அமெரிக்கா போயிருந்தார். விற்கும்போது அவர் வைத்த ஒரு நிபந்தனை பற்றி அவரே சொல்லியிருக்கிறார்: டிரேக்கின் ஆல்பங்களைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது. விற்காத தட்டைக் கம்பெனிகள் சத்தமில்லாமல் கைவிடுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அப்படி விடப்பட்ட எத்தனையோ பேரை இன்று யாருக்கும் தெரியாது. பின்னால் வந்த புகழுக்கு மேதைமை, சோகமான மரணம் என்று காரணங்கள் அடுக்குவார்கள். எனக்கென்னவோ அந்த ஒப்பந்த நிபந்தனைக்குத்தான் முதல் மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றும்.

ரீமாஸ்டர் என்ற ஸ்டிக்கர் ஒட்டிய தட்டில் உண்மையில் என்ன மாறுகிறது என்று இங்கே பார்த்துவிடுவது நல்லது. ஸ்டூடியோவில் முதலில் பதிவாவது பல ட்ராக் டேப்: குரல் ஒன்றில், கிட்டார் ஒன்றில், தந்தி வாத்தியங்கள் வேறொன்றில். அதை அளவு பார்த்துக் கலந்து, இடம் வலம் என்று இரண்டே ட்ராக்காகக் கால் அங்குல டேப்பில் இறக்குவது மிக்சிங். அந்தக் கால் அங்குல டேப்தான் மாஸ்டர். ரீமாஸ்டர் செய்பவரிடம் வருவது இதுதான். ரீமிக்ஸ் செய்பவரோ இன்னும் ஒரு படி பின்னால் போய்ப் பல ட்ராக் டேப்பையே திறக்கிறார். இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம். ரசத்தைச் சாதத்தில் பிசைந்த பிறகு உப்பைக் கொஞ்சம் கூட்டலாம், நெய் விடலாம், ரசத்தை மட்டும் வடித்தெடுக்க முடியாது, ரீமாஸ்டரும் அவ்வளவுதான். (இப்போது பிரித்தெடுக்கவும் மென்பொருள் வந்துவிட்டது. அது வேறு கதை, வேறு சண்டை.)

பிசைந்த பிறகு செய்யக்கூடியதே கொஞ்சமல்ல. முதல் கேள்வி, எந்த டேப்? மாஸ்டரிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று போகப்போக இரைச்சல் ஏறும், கூர்மை மழுங்கும். எல்.பி. வெட்டுவதற்கென்றே சில பிரதிகளைத் தயாரிப்பார்கள். இசைத்தட்டின் பள்ளத்தில் அதிக பேஸ் (அடித்தொனி) வந்தால் ஊசி துள்ளும், 'ஸ' ஒலி தூக்கலாக வந்தால் கீறும். அதனால் இரண்டையும் முன்கூட்டியே அடக்கியிருப்பார்கள். சிடி வந்த புதிதில் பல கம்பெனிகள் அலமாரியில் கைக்கு எட்டிய இந்தப் பிரதியையே எடுத்து டிஜிட்டலாக்கிவிட்டன. எல்.பி.யின் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாத சிடியில் எல்.பி.க்காக ஒடுக்கிய ஒலி. 'சிடி என்றாலே உயிரில்லாத சத்தம்' என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதி இதனால் வந்தது.

அப்புறம் சத்தத்தின் அளவு. 1990-களிலிருந்து ரீமாஸ்டர் என்றாலே எல்லாவற்றையும் உரக்க ஆக்குவது என்று ஆனது. மெல்லிய இடத்தைத் தூக்கி, உரத்த இடத்தைத் தட்டி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். ராக் இசைக்குழு என்றால் ஓரளவு தாங்கும். டிரேக்கின் கிட்டாரில் விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் நொடித்துளியில்தான் விஷயமே இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் கட்டை விரலின் தாளமும் மற்ற விரல்களின் சுரங்களும் ஒரே கஞ்சியாகிவிடும். இன்னொரு ஆபத்து, டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலை மென்பொருளால் வழித்தெடுப்பது. இரைச்சலோடு பாடகரின் மூச்சும் அறையின் காற்றும் சேர்ந்து போய்விடும்.

டிரேக்குக்கு வாய்த்த அதிர்ஷ்டம், மூன்று ஆல்பங்களையும் முதலில் பதிவு செய்த ஒலிப்பொறியாளர் ஜான் வுட், மறுவெளியீடுகளின்போதும் கூடவே இருந்தார். 2000-இல் வந்த சிடிகளை சைமன் ஹேவொர்த் அவரோடு சேர்ந்து ரீமாஸ்டர் செய்தார். 2012, 2013 வாக்கில் வந்த எல்.பி. பெட்டிகளையும் வுட்தான் மேற்பார்வையிட்டார். அந்த அறையில் அன்று என்ன கேட்டது என்று தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் 'மேம்படுத்தும்' ஆசை அடங்கியிருக்கும்.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் செல்சியில் ஓல்டு சர்ச் தெருவில், முன்பு பால் டெப்போவாக இருந்த கட்டடத்தில் வுட்டும் ஜெஃப் ஃப்ராஸ்டும் நடத்திய சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டூடியோ. கூரை எல்லா இடத்திலும் ஒரே உயரம் கிடையாது. நடுவில் உயரம், ஓரங்களில் தாழ்வு. வாத்தியக்காரர்களை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலியின் குணம் மாறும். 'ரிவர் மேன்' பாட்டில் இது நன்றாகவே தெரிகிறது. ஐந்து எண்ணிக்கைத் தாளம், நம் கண்ட நடைக்குப் பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும். மற்ற பாடல்களுக்குத் தந்தி இசை எழுதிய கேம்பிரிட்ஜ் நண்பர் ராபர்ட் கிர்பி, இது தன்னால் ஆகாது என்று விலகிக்கொள்ள, படங்களுக்கு இசையமைத்து வந்த அனுபவசாலி ஹாரி ராபின்சன் எழுதிக் கொடுத்தார். டிரேக் தனியாகப் பாடி, பிறகு வாத்தியங்களை ஒட்டவில்லை. தந்தி வாத்தியக்காரர்கள் நடுவே உட்கார்ந்து கிட்டார் வாசித்தபடி அவர்களோடு சேர்ந்தே பாடினார்.

பழைய சிடியில் இந்தப் பாட்டில் தந்தி இசை, குரலுக்குப் பின்னால் தொங்கும் ஒரு திரைச்சீலை போலத்தான் எனக்குக் கேட்டது. 2000 ரீமாஸ்டரில் அது குரலைச் சுற்றி வளைந்து நிற்கிறது. செல்லோக்கள் எந்தப் பக்கம், வயலின்கள் எவ்வளவு தள்ளி என்று ஊகிக்க முடிகிறது. மிக்ஸ் அதேதான், ஒரு வாத்தியத்தையும் நகர்த்தவில்லை. அறை திரும்பக் கிடைத்திருக்கிறது. கிட்டாரே இல்லாமல் குரலும் தந்திகளும் மட்டுமே உள்ள 'வே டு ப்ளூ'விலும் இதே வித்தியாசம். 'செல்லோ சாங்'கில் டேனி தாம்சனின் டபுள் பேஸ் இறங்கும் ஆழம் எல்.பி.க்காக அடக்கிய பிரதிகளில் முழுசாக வந்திருக்க வாய்ப்பே இல்லை.

'பிரைட்டர் லேட்டர்' கதை இவ்வளவு சுகமில்லை. முதல் தட்டு விற்கவில்லை என்றதும் பாய்ட் ஒலியைப் பெருக்கினார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் இசைக்குழுவின் டேவ் பெக் பேஸும் டேவ் மாட்டாக்ஸ் டிரம்ஸும், 'புவர் பாய்' பாட்டுக்கு கிறிஸ் மெக்ரெகரின் பியானோவும் பி.பி. அர்னால்ட், டோரிஸ் டிராய் பின்குரலும், 'நார்தர்ன் ஸ்கை', 'ஃப்ளை' இரண்டுக்கும் ஜான் கேல், கிர்பியின் பித்தளைக் குழல்கள், நடுவே பாட்டில்லாத மூன்று வாத்திய இசைத் துண்டுகள். பாய்டுக்குத் தன் வாழ்நாள் வேலைகளிலேயே மிகவும் திருப்தி தந்த தட்டுகளில் ஒன்று இது. டிரேக்குக்கு அவ்வளவு திருப்தி இல்லை. அடுத்தது தானும் கிட்டாரும் மட்டும் என்று சொல்லிவிட்டார்.

இந்த ஆல்பத்தின் ரீமாஸ்டர் நேர்த்தியானது, பளபளப்பானது. எனக்குச் சங்கடமும் அங்கேதான். பழைய மங்கலான சிடியில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் கொஞ்சம் பின்னால் பதுங்கியிருந்தன, குரலைக் கேட்க இடம் இருந்தது. எல்லாம் தெளிவானதும் 1970-இன் லண்டன் ஸ்டூடியோ நாகரிகம் முழுசாக முன்னால் வந்து நிற்கிறது. 'அட் தி சைம் ஆஃப் எ சிட்டி க்ளாக்' பாட்டில் அந்த சாக்ஸபோனை இன்று யாரும் அவ்வளவு முன்னால் வைக்க மாட்டார்கள். ஆனால் இதைச் சரிசெய்வது ரீமாஸ்டரின் வேலை இல்லை. மிக்ஸில் எடுத்த முடிவு மிக்ஸோடு இருக்கும். 'நார்தர்ன் ஸ்கை'யில் கேலின் செலஸ்டா (மணியோசை தரும் பியானோ போன்ற வாத்தியம்) மணி மணியாக உதிரும் இடத்தைத் தெளிவாகக் கேட்ட பிறகு, சாக்ஸபோனை மன்னிக்கலாம் என்று தோன்றும்.

'பிங்க் மூன்' பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். 1971 அக்டோபர், இரண்டு இரவுகள். பகலில் ஸ்டூடியோவில் மற்றவர்களின் வேலை நடக்கும் என்பதால் இரவு பதினொரு மணி வாக்கில் தொடங்கினார்கள். உள்ளே டிரேக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வுட். வேறு ஆளில்லை. 11 பாடல்கள், 28 நிமிடம். முதல் பாட்டில் பிறகு சேர்த்த சின்னப் பியானோ ஒன்றைத் தவிர முழுக்க ஒரு குரல், ஒரு கிட்டார்.

இவ்வளவு குறைவாக இருக்கும்போது டேப்பின் ஒவ்வொரு குணமும் இசையின் பகுதியாகிவிடுகிறது. டிரேக் அடித்தந்தியை வழக்கமான சுருதியிலிருந்து வெகுவாகத் தளர்த்தி வைத்திருப்பார். தளர்ந்த தந்திக்கு ஒரு அதிர்வு உண்டு; சுரம் உடனே நிலைக்காமல் கொஞ்சம் உருண்டு பிறகு அமரும். இடது கை நகரும்போது தந்தியில் விரல் உராயும் கீச்சும் இருக்கும். மெத்தனமான பிரதியில் முதலாவது மங்கிப் போகும், இரண்டாவது எரிச்சலாகும். இரைச்சலைத் துடைத்தெடுத்த பதிப்பாக இருந்திருந்தால் பாடல்களுக்கு இடையே சுத்தமான சூனியம் இருக்கும், குரல் அந்தரத்தில் மிதக்கும். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. 2000 ரீமாஸ்டரில் டேப்பின் மெல்லிய இரைச்சல் அப்படியே இருக்கிறது, அதற்கு மேலே குரல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'ரோடு' போன்ற ஒரு பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று சத்தியம் செய்யலாம். ஒருவர்தான். கட்டை விரல் ஒரு வேலை, மற்ற விரல்கள் வேறு வேலை. இதுவரை எத்தனை கிட்டார்காரர்கள் இதைப் பிரித்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கெல்லாம் வுட் வைத்த மைக்கும் அதைக் கெடுக்காத ரீமாஸ்டரும்தான் பாடப்புத்தகம்.

அந்தச் சிடி வந்த நேரமும் வாகாக அமைந்தது. 1999 கடைசியில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் தன் கேப்ரியோ காருக்கு எடுத்த விளம்பரத்தில் 'பிங்க் மூன்' பாட்டைப் போட்டது. இரவில் நான்கு இளைஞர்கள் திறந்த காரில் போகிறார்கள், பின்னணியில் டிரேக். விற்பனை பல மடங்கு எகிறியது. இறந்து 25 ஆண்டு கழித்து கார் விளம்பரத்தில் புகழ் பெற்றதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. கடைக்குப் போய்க் கேட்டவர்களின் கையில் ஒழுங்காகச் செய்த ரீமாஸ்டர் கிடைத்ததே என்று நான் திருப்திப்பட்டுக்கொள்கிறேன்.

ஒலியைவிட முக்கியமான ஒன்றை 'பிங்க் மூன்' மறுவெளியீடுகள் மாற்றியிருக்கின்றன, அதை யாரும் ரீமாஸ்டர் என்று சொல்வதில்லை: பாடல் வரிசை. 1974-இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, டிரேக் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்து சில பாடல்கள் பதிவு செய்தார். ஒரே நேரத்தில் வாசித்துப் பாட முடியாத நிலையில் இருந்தார். கிட்டாரை முதலில் பதிந்து, குரலைப் பிறகு சேர்க்க வேண்டியிருந்தது. 1979-இல் வந்த முதல் பெட்டித் தொகுப்பான 'ஃப்ரூட் ட்ரீ'யில் இவற்றில் நான்கை 'பிங்க் மூன்' தட்டின் கடைசியில் ஒட்டிவிட்டார்கள்.

ஒட்டியதன் விளைவு சின்னதல்ல. மூல ஆல்பம் 'ஃப்ரம் தி மார்னிங்' என்ற பாட்டோடு முடிகிறது. விடியலைப் பற்றிய, கிட்டத்தட்ட மகிழ்ச்சியான பாட்டு. அதன் ஒரு வரியைத்தான் குடும்பத்தார் அவர் கல்லறைக் கல்லின் பின்புறம் பொறித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் 'பிங்க் மூன்' இருட்டில் நடந்து வெளிச்சத்தில் முடியும் ஆல்பம். அதற்குப் பின்னால் 'ப்ளாக் ஐட் டாக்' போன்ற, குரல் நடுங்கும் பாட்டைக் கொண்டுவந்து வைத்தால், வெளிச்சம் அணைந்து மரணத்தை நோக்கிப் போகும் ஆல்பமாகிவிடுகிறது. டிரேக் என்றாலே அழிவை நோக்கிச் சென்ற சோகக் கவிஞன் என்ற பிம்பம் உறைந்ததில் இந்த ஒட்டு வேலைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். 1986-இல் பாய்டின் ஹானிபல் நிறுவனம் அதே பெட்டியை மறுபடி கொண்டுவந்தபோது இந்த நான்கையும் எடுத்து, வெளியாகாத மற்ற பதிவுகளோடு 'டைம் ஆஃப் நோ ரிப்ளை' என்ற நாலாவது தட்டில் வைத்தார்கள். சரியான திருத்தம். 2000 சிடியிலும் 'பிங்க் மூன்' 11 பாடல்களோடு நின்றது.

கைவைத்தது அதிகமாகிவிட்டது என்று நான் சொல்லும் இடம் 2004-இன் 'மேட் டு லவ் மேஜிக்'. அந்தத் தட்டில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. 1974 டேப்பின் கடைசியில் யாரும் கவனிக்காமல் கிடந்த 'டோ தி லைன்' என்ற பாட்டு கிடைத்தது அதில்தான். சிக்கல் 'மேஜிக்' என்ற பாட்டில். 1968-இல் இதற்கு ரிச்சர்ட் ஹியூசன் தந்தி இசை எழுதினார், டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. அந்த அதிருப்தியில்தான் கிர்பியை அழைத்துவந்தார். கிர்பி இந்தப் பாட்டுக்கு எழுதியது அன்று பதிவாகவில்லை. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, கிர்பியின் அந்த இசையைப் புதிதாக வாசிக்க வைத்து, 1968 குரலுக்குப் பக்கத்தில் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் சிங்கிளாகவும் (தனிப்பாட்டுத் தட்டாகவும்) வெளியிட்டார்கள், விற்பனைப் பட்டியலில் 32-ஆம் இடம் வரை போனது.

டிரேக் கேட்டது கிர்பியைத்தானே, கடைசியில் அவர் விருப்பம் நிறைவேறியது என்று வாதாடலாம். கிர்பியே இருந்து செய்த வேலை என்பதால் அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. கேட்கும்போது எனக்கு ஒட்டவில்லை. குரல் ஒரு அறையில், வயலின்கள் வேறொரு காலத்தில். 'ரிவர் மேன்' சிறப்பே பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசித்தது. இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது. மறுபக்கம் இறந்து அப்போதே முப்பது ஆண்டு ஆகியிருந்தது. அது மட்டுமல்ல, இந்தத் தட்டு வந்ததும் 'டைம் ஆஃப் நோ ரிப்ளை' ஓரங்கட்டப்பட்டது. 2007-இல் மறுபடி வந்த 'ஃப்ரூட் ட்ரீ' பெட்டியில் அது இல்லை. மறுவெளியீடு என்பது சேர்ப்பது மட்டுமல்ல, சத்தமில்லாமல் நீக்குவதும் அதில் நடக்கும்.

அதே 2007-இல் வந்த 'ஃபேமிலி ட்ரீ' நேர்மையான வேலை. முதல் ஆல்பத்துக்கு முன், வீட்டிலும் பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸிலும் சாதாரணக் கருவியில் பதிந்தவை. ஃபோக் பாடகர்கள் பெர்ட் ஜான்ஷ், ஜாக்சன் சி. ஃப்ராங்க் ஆகியோரின் பாடல்களைப் பாடிப் பழகும் பையனின் குரல், அக்காவோடு சேர்ந்து பாடும் ஒரு பாட்டு. கள்ளப் பதிப்புகளாக ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தவைதான் பெரும்பாலும். உன் அனுமதி இல்லாமல் இதை வெளியிடுகிறோம் என்ற தயக்கத்தைத் தம்பிக்கு எழுதும் கடிதமாகவே கேப்ரியல் அதில் சேர்த்திருக்கிறார். அம்மா மோலியின் இரண்டு பாடல்களும் அதில் உண்டு. பிறகு 2013-இல் மோலியின் வீட்டுப் பதிவுகள் தனி ஆல்பமாகவே வந்தன; 1950-களில் ரோட்னி வீட்டில் பிடித்த டேப், சீரமைத்தது மறுபடியும் ஜான் வுட். மகன் அந்த விசித்திரமான இசைவுகளை எங்கே கற்றான் என்று அதுவரை ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோலியின் பியானோவைக் கேட்டதும் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

2025 தொகுப்பு, 'தி மேக்கிங் ஆஃப் ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', இதையெல்லாம் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டது போல இருக்கிறது. புதிதாக எதையும் வாசித்துச் சேர்க்கவில்லை. 1968 மார்ச்சில் சவுண்ட் டெக்னிக்ஸில் நடந்த முதல் பதிவின் மோனோ (இடம் வலம் பிரிக்காத) டேப் ஒன்றைப் பாடகி பெவர்லி மார்ட்டின் பத்திரமாக வைத்திருந்தார். அது ஒரு மூலம். கேம்பிரிட்ஜில் மாணவர் அறையில் பிடித்த இன்னொரு டேப்பில், இந்தப் பாட்டுக்கு இப்படி இசை வேண்டும் என்று டிரேக் பேசி விளக்குவதையே கேட்கலாம். ஹியூசன் எழுதி நிராகரிக்கப்பட்ட வடிவங்களும் இருக்கின்றன. அவற்றைக் கேட்ட பிறகு, 20 வயதுப் பையன் அனுபவசாலி ஒருவரை வேண்டாம் என்று சொல்லி, ஒரு தட்டுகூடப் பதிவு செய்திராத நண்பனைக் கூட்டிவந்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரிகிறது. கூச்சத்தால் ஒடுங்கிப்போனவர் என்ற பிம்பத்துக்கு இந்த டேப்புகள் பொருந்தவே இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கடைசித் தட்டில் ரீமாஸ்டர் செய்த ஆல்பம் இருக்கிறது, ஆனால் இந்தப் பெட்டியின் மதிப்பு முதல் மூன்று தட்டுகளில்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: இளஞ்சிவப்பு லேபிள் ஒட்டிய 1969 முதல் அச்சுக்குப் பல நூறு பவுண்டு கேட்கிறார்கள். அது இசைக்கான விலை இல்லை, அன்று யாரும் வாங்கவில்லை என்பதற்கான விலை. ஒலிக்காக அவ்வளவு கொடுக்கத் தேவையே கிடையாது. 2000 சிடிகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. மூன்றில் ஒன்று மட்டும் என்றால் 'பிங்க் மூன்'. எல்.பி.யில் கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் வுட் மேற்பார்வையில் வந்த 2012, 2013 அச்சுகளைத் தேடலாம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஆல்பத்தின் பாடல் எண்ணிக்கையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 'பிங்க் மூன்' 11-இல் முடிய வேண்டும். 2025 பெட்டியை ஆல்பம் மனப்பாடமான பிறகு வாங்கினால் போதும், அதற்கு முன் கேட்டால் ஒரே பாட்டு ஐந்தாறு தடவை வருவது போல அலுப்புத் தட்டும்.